வார்டுப் பயிற்சியை அளப்பது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு ஆண்டுகள் வார்டில் செவிலியராகவும், அதன்பின் எட்டு ஆண்டுகள் தென்மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி ஒருங்கிணைப்பாளராகவும் வேலை பார்த்திருக்கிறேன். வேறு மருத்துவமனைகளில் இதே பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களும், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களும், சில சமயம் நிர்வாக அலுவலர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: நடத்திய பயிற்சியால் பயன் விளைந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கை சுகாதாரம், மருந்து கொடுத்தல் ஆகிய இரண்டிலிருந்தே எடுத்துக்காட்டுகளை அதிகம் தந்திருக்கிறேன். நான் பக்கத்தில் நின்று பார்த்தவை அவைதாம்.

வகுப்புக்கு யார் யார் வந்தார்கள் என்ற வருகைப் பதிவேடு இருக்கிறதே, அது போதாதா?

தரச்சான்றுக்காக வரும் மதிப்பீட்டாளர்கள் பயிற்சிப் பதிவேட்டைக் கேட்பார்கள் என்பதால் அதை ஒழுங்காக வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அது சொல்வது, இன்ன தேதியில் இன்ன அறையில் இத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டுமே. நைட் டூட்டி முடித்து, காலை எட்டு மணிக்கு ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு, வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் போக வேண்டிய ஒருவரை ஒன்பது மணி வகுப்பில் உட்காரவைத்தால், அவருடைய கையெழுத்தும் அந்தப் பதிவேட்டில் இருக்கும். அப்படிப்பட்ட கையெழுத்துகளையும் சேர்த்துத்தான் தொடக்க ஆண்டுகளில் 'பயிற்சி பெற்றோர்' கணக்கை நான் எழுதினேன். இரவுப் பணி முடித்தவர்களை வகுப்புக்கு அழைப்பதில்லை என்று வைத்துக்கொண்டதே நான் செய்த முதல் திருத்தம். அந்த மாதம் வருகை எண்ணிக்கை குறைந்தது. வகுப்பில் கேள்வி கேட்டவர்களின் எண்ணிக்கை கூடியது.

எல்லோரும் சொல்லும் 'நான்கு நிலைகள்' என்பவை யாவை?

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-இல் தொடங்கி, பயிற்சியாளர்களுக்கான அமெரிக்க இதழ் ஒன்றில் தொடராக எழுதிய கட்டுரைகளிலிருந்து வந்த முறை இது. பங்கேற்றவர் பயிற்சியைப் பற்றி என்ன நினைக்கிறார், என்ன கற்றுக்கொண்டார், வேலைக்குத் திரும்பியபின் எதை மாற்றிச் செய்கிறார், அதனால் நிறுவனத்துக்கு என்ன விளைந்தது என்று நான்கு படிகளில் பார்க்கச் சொல்கிறது. கை சுகாதார வகுப்பை வைத்துச் சொன்னால், வகுப்பு நன்றாக இருந்தது என்று சிஸ்டர் படிவத்தில் எழுதுவது முதல் நிலை. கிருமிநாசினித் திரவத்தால் கை தேய்க்க வேண்டிய ஐந்து தருணங்களையும் பிழையில்லாமல் சொல்வது இரண்டாம் நிலை. மறுவாரம் ஐசியூவில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்போது நின்று கையைத் தேய்த்துக்கொள்வது மூன்றாம் நிலை. வார்டில் நோய்த்தொற்று குறைவது நான்காம் நிலை.

இந்தப் பகுப்பு எளிமையானது, பயனுள்ளது. ஆனால் முதற்படியில் ஏறியவர் தாமாகவே நான்காம் படிக்குப் போய்விடுவார் என்று எண்ணுவதற்கு இதில் இடமில்லை. நான் பார்த்த வரையில், நம் மருத்துவமனைகளில் அளவீடு முதல் இரண்டு நிலைகளோடு நின்றுவிடுகிறது. மூன்றாவதை அளக்க வேண்டுமானால் நாற்காலியை விட்டு எழுந்து வார்டுக்குள் போய் நிற்க வேண்டும், அங்கிருப்பவர்கள் நம்மைக் கண்டு அஞ்சாமலும் இருக்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் வாங்கும் கருத்துப் படிவத்தால் பயன் உண்டா?

இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் பயன் அன்று. பயிற்சி பிடித்திருந்தது என்று ஒருவர் சொல்வதற்கும் அவர் கற்றதற்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது என்பதை 1997-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டினார்கள். இது வேலைக்குப் பயன்படும் என்று அவர் சொல்வதற்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு இருந்தது. 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. தாங்களே போராடிக் கணக்குப் போட்ட மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். நல்ல பேச்சாளரின் விரிவுரையைக் கேட்ட மாணவர்கள்தாம் தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். கற்கும்போது ஏற்படும் சிரமத்தைக் கற்காததன் அறிகுறியாக நம் மனம் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

அதனால் 'பயிற்சியாளர் எப்படி இருந்தார்' என்ற கேள்வியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், 'நாளைக்கு உங்கள் வார்டில் இதைச் செய்ய முடியாமல் தடுக்கப் போவது எது?' என்று கேட்கிறேன். முதல் முறை கேட்டபோது வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே செய்திதான்: கை தேய்க்கும் திரவம் மாலை ஷிஃப்டில் தீர்ந்துவிடுகிறது, ஸ்டோர் பூட்டியிருக்கிறது. ஐந்து நட்சத்திரம் போட்ட பழைய படிவங்கள் நூற்றுக்கணக்கில் அலமாரியில் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இதைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

முன்தேர்வைவிடப் பின்தேர்வில் மதிப்பெண் கூடியிருந்தால் கற்றுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வகுப்பு முடிந்த பத்தாம் நிமிடத்தில் நடத்தும் தேர்வு, பத்து நிமிட நினைவைத்தான் அளக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறோம் என்பதை 1885-இல் வெளியிட்டார். மீண்டும் கற்கும்போது மிச்சமாகும் உழைப்பைக் கொண்டு அவர் அதை அளந்தார். ஒரு மணி நேரத்தில் அந்த மிச்சம் பாதிக்கும் கீழே, 44 விழுக்காட்டுக்கு இறங்கியது, ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கானது. வார்டில் நாம் கற்பிப்பவை பொருளுள்ளவை என்பதால் அவ்வளவு வேகமாக மறக்காது; ஆனாலும் வளைவின் போக்கு அதுதான்.

இதற்கு மருந்தும் தேர்வுதான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர்கள், ஒரு பத்தியை மறுபடி படித்த மாணவர்களையும், படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பின் மறுபடி படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்தவர்களுக்கு 42 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடும் நினைவில் இருந்தன. நினைவிலிருந்து எடுக்க முயல்வதே கற்றலாகிறது.

ஆகவே, அதே கேள்வித்தாளை ஆறு வாரம் கழித்து, ஹேண்ட்ஓவருக்குப் பிறகு, இரண்டே கேள்வியாக, பெயர் எழுதச் சொல்லாமல் கொடுக்கிறேன். பெயர் இல்லாததால் யாரையும் பிடிக்க முடியாது. எனக்கு வேண்டியது வார்டு எதை மறந்திருக்கிறது என்பது மட்டுமே. பெயர் எழுதச் சொன்ன காலத்தில் ஒருவர் விடையைப் பார்த்து நாலு பேர் எழுதினார்கள்.

வேலையிடத்தில் என்ன மாறியது என்பதை எப்படி அளப்பது?

கை சுகாதாரத்துக்கு உலக சுகாதார அமைப்பு 2009-இல் தெளிவான வழிகாட்டுதலை வெளியிட்டது. நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் செயலுக்கு முன், உடல் திரவங்கள் பட்டிருக்கக்கூடிய நிலைக்குப் பின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டபின் என்று ஐந்து தருணங்கள். ஒருவர் ஓரமாக நின்று, எத்தனை தருணங்கள் வந்தன, அவற்றில் எத்தனை முறை கை சுத்தம் செய்யப்பட்டது என்று குறித்து விழுக்காடு காண வேண்டும். அந்த வழிகாட்டுதலிலேயே, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின் சராசரி 38.7 விழுக்காடு என்று சொல்லப்பட்டிருக்கிறது. இதைப் புதிய சிஸ்டர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். குறைவாக வரும் எண் அவமானம் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான் என்று தெரிந்தபின் அவர்கள் தங்கள் எண்ணை மறைக்க முயல்வதில்லை.

இந்த அளவீட்டில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோவில், 2014-இல் வெளியான ஆய்வில், மின்னணுக் கருவியைக் கொண்டு கணக்கெடுத்தபோது, கண்காணிப்பவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கையில் கை சுத்தம் செய்வது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நாம் கையில் அட்டையோடு நிற்கும்போது வரும் எண், நாம் நிற்பதால் வரும் எண். ஒளிந்து நின்று பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் அதைச் செய்வதில்லை. ஒருமுறை தெரிந்துபோனால் அந்த வார்டில் யாரும் அதன்பின் உண்மை பேச மாட்டார்கள். அதற்குப் பதில், இந்த மாதம் உங்கள் வார்டைப் பார்க்கப்போகிறேன், யார் பெயரையும் குறிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, எல்லாரும் என்னை மறந்துபோகும் அளவுக்கு நீண்ட நேரம் நிற்கிறேன். முதல் பதினைந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூடவே, அந்த வார்டில் மாதம் எத்தனை லிட்டர் திரவம் செலவானது என்பதை நோயாளி நாள்களால் (ஒரு நோயாளி வார்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒன்று) வகுத்துப் பார்க்கிறேன். பாட்டிலுக்கு யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது.

அப்படி நின்ற ஒரு பிற்பகலில் கண்டதைச் சொல்கிறேன். மூன்றாம் படுக்கையில் டிரிப் நின்றுவிட்டது. சிஸ்டர் வந்து குழாயைச் சரிசெய்தார், படுக்கையின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டார், நான்காம் படுக்கைக்கு நகர்ந்தார். கை தேய்க்கவில்லை. இதுவே ஏழு முறை நடந்தது. 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டிருந்தால் 'ஸாரி மேடம்' என்ற பதிலே வந்திருக்கும். 'இந்த இடத்தில் செய்வதற்கு எது கஷ்டமாக இருக்கிறது, சிஸ்டர்?' என்று கேட்டேன். அவர் திரும்பிக் கதவைக் காட்டினார். திரவம் கதவருகே சுவரில் மாட்டியிருந்தது. மூன்றாம் படுக்கையிலிருந்து போய்வர பதினாறு எட்டு வைக்க வேண்டும், அதற்குள் நான்காம் படுக்கையின் மானிட்டர் அடித்துக்கொண்டிருக்கும். பாட்டிலைப் படுக்கையின் கால்மாட்டில் மாட்டினோம். அந்த வார்டுக்கு நான் திட்டமிட்டிருந்த மறுபயிற்சி வகுப்பு தேவைப்படவேயில்லை.

தவறு அறிக்கைகள் குறைந்தால் பயிற்சி வெற்றி பெற்றது என்றுதானே பொருள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக விலை கொடுத்துப் பதில் கற்றேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் வருகிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. முன்னதற்குச் சிவப்பு மூடி போட்ட ஊசி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி போட்ட ஊசி. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை எடுத்தால், நோயாளிக்கு உள்ளே போவது 50 யூனிட்; சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் அதே கோடு வரை எடுத்தால் போவது 8 யூனிட் மட்டுமே. விடிகாலை ஆறு மணிக்கு, பன்னிரண்டு மணி நேரப் பணியின் கடைசியில், மங்கலான விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் எவ்வளவு பக்கம் பக்கமாக இருக்கும் என்பது வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமே ஆகியிருந்த ஓர் இளம் செவிலியர் ஊசியை மாற்றி எடுத்துவிட்டார். மருந்து குறைவாகப் போயிருந்தது. நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை. காலி ஊசியைக் கீழே போடும்போது மூடியைப் பார்த்து அவரே கண்டுபிடித்தார், அவரே இன்சார்ஜிடம் சொன்னார், அவரே சம்பவ அறிக்கையும் எழுதினார். அந்த வாரம் நடந்த மாதாந்தரக் கூட்டத்தில், எல்லோருக்கும் பாடமாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில், நான் அவர் பெயரைச் சொல்லி அந்த அறிக்கையை வாசித்தேன். குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை. ஆனால் பெயரைச் சொன்னேன். அவர் கடைசி வரிசையில் பேனா மூடியைத் திருகிக்கொண்டே தலை குனிந்திருந்தார்.

அடுத்த மூன்று மாதங்களில் அந்த வார்டிலிருந்து மருந்து தொடர்பான அறிக்கை ஒன்றுகூட வரவில்லை. அதைப் பயிற்சியின் பலன் என்று நிர்வாகக் கூட்டத்தில் படமாகப் போட்டுக் காட்டினேன், பாராட்டும் பெற்றேன். அந்தச் சுழியத்தைத் தயாரித்தது பயிற்சி அல்ல, நான் பெயர் வாசித்த அந்த ஐந்து நிமிடங்கள்தாம் என்பது வெகுநாள் கழித்து, ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. 'தப்பு நிக்கல மேடம், சொல்றதுதான் நின்னுபோச்சு' என்றார்.

இதே செய்தியை ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டிருந்தார். நல்ல ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து அமெரிக்க மருத்துவமனைகளில் கணக்கெடுத்தார். நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. தவறைப் பற்றி அச்சமில்லாமல் பேசினார்கள். 1999-இல் அவர் இதை விரித்து எழுதியபோது 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்து பரவலாக அறியப்பட்டது.

அதன்பின் அறிக்கைகளின் எண்ணிக்கையை நான் தனியாகப் படிப்பதில்லை. தீங்கு நேர்ந்தவை எத்தனை, தீங்கு நேருமுன் பிடிபட்டவை எத்தனை என்று பிரித்துப் பார்க்கிறேன். முன்னது குறைந்து பின்னது கூடினால் மகிழ்கிறேன். இரண்டும் ஒன்றாகச் சுழியத்துக்குப் போனால் அந்த வார்டுக்கு அன்றே போகிறேன்.

வளர்ச்சி மனப்பாங்கு என்கிறார்களே, அதற்கு வகுப்பு எடுத்தால் பலன் இருக்குமா?

திறமை பிறப்போடு வந்தது, மாறாது என்று நினைப்பதும், முயற்சியாலும் நல்ல வழிமுறையாலும் வளர்வது என்று நினைப்பதும் வெவ்வேறு விளைவுகளைத் தரும் என்பது உளவியலாளர் கரோல் ட்வெக்கின் கருத்து. இரண்டாவது நினைப்பைத்தான் வளர்ச்சி மனப்பாங்கு என்கிறார்கள். அவரும் கிளாடியா முல்லரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் சிலரை 'நீ புத்திசாலி' என்றும் சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரும் தோற்றபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் சோர்ந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: தங்கள் மதிப்பெண்ணை வேறொரு குழந்தைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் கணிசமானோர் அதைக் கூட்டி எழுதினார்கள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களிடம் இது வெகு குறைவாக இருந்தது. தவறான பாராட்டும் அளவீட்டைப் பொய்யாக்கும். 'எங்கள் சிறந்த செவிலியர்' என்று சுவரில் படம் மாட்டப்பட்டவர் அடுத்த மாதம் ஒரு தவறைச் சொல்ல எவ்வளவு தயங்குவார் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லி இரண்டு ஆண்டுகள் வாதாடினேன்.

வகுப்பு எடுப்பதைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இத்தகைய பயிற்சிகளின் சராசரிப் பலன் மிகச் சிறியது என்றார்கள். 2019-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வும், பின்தங்கிய மாணவர்களிடம் சிறிய முன்னேற்றத்தையே கண்டது; உடன் படிப்பவர்களின் போக்கு ஆதரவாக இருந்த பள்ளிகளில் பலன் கூடியிருந்தது. விதை நல்லதாகவே இருக்கட்டும், தரிசில் போட்டால் முளைக்காது. தவறுக்கு மெமோ கொடுக்கும் வார்டில் மனப்பாங்கு பற்றி ஒரு மணி நேரம் பேசுவது, கேட்பவர்களுக்கு நம் மேல் இருக்கும் நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

கனிவு என்றால் தவறைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதா?

இல்லை. கண்டுகொள்ளாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் கொடுமை. தெரிந்தே விதியை மீறுபவரையும், செய்யாத பரிசோதனையைச் செய்ததாகப் பதிவில் எழுதுபவரையும் நான் மன்னித்ததில்லை. அவர்கள்மேல் நடவடிக்கை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். களைப்பிலோ, பழக்கக் குறைவிலோ, ஒரே தட்டில் இரண்டு வகை ஊசி கிடந்ததாலோ தவறியவரை அவர்களோடு ஒன்றாக வைக்கக் கூடாது என்பதே நான் சொல்வது. நடந்ததை முழுமையாகப் பேச வேண்டும். தனியாக, அன்றே, உட்கார்ந்து பேச வேண்டும். கூட்டத்தில் சொல்ல வேண்டியது ஊசியைப் பற்றி, ஆளைப் பற்றி அல்ல.

கனிவு நோயாளியை நோக்கியும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் ஆகிய இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் கைகழுவும் இடங்களில் இரண்டு வகைப் பலகைகளை மாட்டினார்கள். கை சுத்தம் உங்களை நோயிலிருந்து காக்கும் என்றது ஒன்று. நோயாளிகளைக் காக்கும் என்றது இன்னொன்று. நோயாளியைச் சொன்ன பலகை இருந்த இடங்களில்தான் சோப்பும் திரவமும் அதிகம் செலவாயின. செவிலியரின் அக்கறையைத் தட்டியெழுப்பத் தேவையில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு வழிவிட்டால் போதும்.

எண் சரியாக இருந்தால் மக்கள் தாமாக ஏற்றுக்கொள்ள மாட்டார்களா?

கை சுத்தத்தின் வரலாறே இதற்குப் பதில். வியன்னா பொது மருத்துவமனையின் முதலாம் பிரசவப் பிரிவில் 1847 ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் இறந்தார்கள். மருத்துவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருவதைக் கவனித்த அங்கிருந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், மே மாதத்தில் குளோரின் கலந்த நீரில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஜூனில் இறப்பு 2.2 விழுக்காடு, ஜூலையில் 1.2. இதைவிடத் தெளிவான நான்காம் நிலை அளவீடு இருக்க முடியாது. இருந்தும் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. கிருமிக் கொள்கை அப்போது நிலைபெற்றிருக்கவில்லை என்பது முதன்மைக் காரணம். அவரும் பல ஆண்டுகள் முறையாக எழுதி வெளியிடாமல் இருந்தார். 1861 முதல் எழுதிய பகிரங்கக் கடிதங்களில், ஏற்காத மருத்துவர்களைக் கொலைகாரர்கள் என்றே சாடினார். 1865-இல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார்.

அவருடைய கோபத்தை நான் குறை சொல்லத் துணிய மாட்டேன். கண்முன் தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஆனால் 'உன் கையால்தான் இறந்தாள்' என்று ஒரு மருத்துவரிடம் சொல்லும் எண்ணை அவர் எப்படித் தாங்கிக்கொள்வார் என்பதும் ஒரு கேள்விதான். வார்டில் சுவரொட்டியாக ஒட்டும் விழுக்காடு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரிடம் அதைத்தான் சொல்கிறது. அதனால் எண்ணை ஒட்டுமுன் அந்த வார்டின் இன்சார்ஜிடம் நேரில் காட்டி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுவிட்டே ஒட்டுகிறேன்.

செலவழித்த பணத்துக்கு என்ன வரவு என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன சொல்வது?

கிர்க்பாட்ரிக்கின் நான்குக்கு மேல், முதலீட்டுக்கான ஈட்டத்தை ஐந்தாம் நிலையாக ஜாக் ஃபிலிப்ஸ் சேர்த்தார். எல்லா வகுப்புக்கும் அந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது ஊகத்தின்மேல் ஊகமாக முடியும். தொற்று குறைந்தால் அதற்குப் பயிற்சி மட்டும் காரணமாக இருக்காது. பாட்டிலை இடம் மாற்றியதும், ஆள் எண்ணிக்கை கூடியதும் காரணமாக இருக்கலாம். எதை எல்லாம் மாற்றினோம், என்ன மாறியது என்று உள்ளபடி எழுதிக் கொடுங்கள். நான் அப்படிக் கொடுக்கத் தொடங்கியபின் எங்கள் நிர்வாகம் கேட்கும் கேள்விகளும் மாறின.

மூத்த சிஸ்டர்கள் 'எங்களுக்குத் தெரியாததா' என்கிறார்களே?

பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களை மாணவர் வரிசையில் உட்காரவைப்பதுதான் வருத்துகிறது. இன்சுலின் வகுப்பை இப்போது நான் எடுப்பதில்லை, இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒரு சிஸ்டர் எடுக்கிறார். தாம் புதிதாகச் சேர்ந்தபோது தம் கையால் நேர்ந்த ஒரு தவறைச் சொல்லித்தான் அவர் தொடங்குவார். அந்த ஐந்து நிமிடம் செய்வதை என் படக்காட்சிகள் எதுவும் செய்ததில்லை.

நான் ஒரே ஆள், நேரமும் இல்லை. எதில் தொடங்குவது?

ஒரு வார்டு, ஒரு செயல். மருந்து கொடுப்பதிலோ கை சுகாதாரத்திலோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன்பே இரண்டு வாரம் போய் நின்று பாருங்கள். முன்நிலை தெரியாமல் பின்நிலையை மட்டும் அளந்து பயனில்லை. பார்த்ததை எழுதும் நோட்டில் பெயருக்கு இடமே வைக்காதீர்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி போய் நில்லுங்கள்.

ஊசியை மாற்றி எடுத்த அந்த இளம் செவிலியர் பிறகு என்ன ஆனார்?

இந்த நிகழ்ச்சியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். அந்தக் கூட்டத்துக்குப் பின் நான்காம் மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறோர் ஊரில் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய எண்ணைத் தேடி வாங்கிப் பேசினேன். பெயரைச் சொல்லி வாசித்தது என் தவறு என்றும், அறிக்கை எழுதியதற்காக அவருக்கு அன்று நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'அந்த ட்ரேல இன்னும் ரெண்டு ஊசியும் ஒண்ணாத்தான் இருக்கா, மேடம்?' என்று கேட்டார். பிரித்து வைத்துவிட்டோம் என்றேன்.